சுத்தமாக இருந்த நாய் மறுபடி வீட்டுக்குள் சிறுநீர் போகிறது: எந்த வழியைத் தேர்வது?

மைனா 9 வாரக் குட்டியாக எங்களிடம் வந்தாள். ஐந்தாவது மாதம் முடிவதற்குள் வெளியே போகப் பழகிவிட்டாள். அதன்பின் 41 நாள் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்ததால் எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது. 42ஆம் நாள் காலை, வெளியே போய்வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்து சிறுநீர் போனாள். மாலையில் இன்னொரு முறை. மறுநாள் மூன்று முறை.

அந்த நிலையில் நாய் வளர்ப்பவர்களிடம் யோசனை கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய், அப்போதுதான் புத்தி வரும் என்பார் ஒருவர். விடுங்கள், தானாகச் சரியாகும் என்பார் இன்னொருவர். கூண்டில் போடு, சிறுநீர் உறிஞ்சும் பேட் விரி, டாக்டரிடம் காட்டு, முதலிலிருந்து ஆரம்பி என்று பட்டியல் நீளும். மூக்கைத் தேய்ப்பதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாய்க்குச் சரியான வழிதான். உங்கள் நாய்க்கு எது என்பதைத் தரையில் கிடக்கும் ஈரமே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்ததில் நான் பத்து நாளை வீணாக்கினேன். அந்தப் பத்து நாளும் மைனா வலியோடு இருந்திருக்கிறாள்.

ஈரம் சொல்வது

துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எவ்வளவு, எங்கே, எப்போது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்.

ஒரே இடத்தில் பெரிய குளமாக இருந்தால் சிறுநீர்ப்பை நிறையும்வரை நாய் அடக்கிப் பார்த்திருக்கிறது, அதற்குமேல் முடியவில்லை. வெளியே அழைத்துப்போகும் நேரங்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கும், அல்லது நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் இருந்தால் சிறுநீர்ப்பாதையில் தொற்று இருக்கலாம். அதே சிறிய அளவு சுவர் ஓரத்திலோ மேசைக்காலிலோ திரைச்சீலையிலோ, தரையிலிருந்து சற்று உயரத்தில் தெளித்ததுபோல் இருந்தால் அது அடையாளம் வைப்பது, அதாவது தன் வாடையை அங்கே விட்டுவைப்பது. படுத்து எழுந்த இடம் மட்டும் நனைந்திருக்கிறது, நாய்க்கே அது தெரியவில்லை என்றால் கசிவு. நீங்கள் வீடு திரும்பிக் குனிந்து தொடும்போது சொட்டினால் அது வரவேற்பின் பரபரப்பு அல்லது பணிவு. தனியாக விட்டுப்போகும் நாட்களில் மட்டும் நடந்தால் பிரிவுப் பதற்றம். எப்போதும் ஒரே மூலை என்றால் அந்த மூலையில் பழைய வாடை இன்னும் இருக்கிறது.

இதை நான்கைந்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். கோபத்தில் இருக்கும்போது "எப்போது பார்த்தாலும் போகிறது" என்றுதான் தோன்றும். எழுதிப் பார்த்தால், அது மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் மட்டும் என்று தெரியவரும்.

திட்டுவதும் தண்டிப்பதும்

இந்த வழியை நான் முழுதாக நிராகரிக்கிறேன். கருணை ஒரு காரணம்தான். அதைவிட எளிய காரணம், இது வேலை செய்வதில்லை.

நாய் தன் செயலையும் அதன் விளைவையும் சேர்த்துப் புரிந்துகொள்ள இரண்டும் ஒன்றிரண்டு நொடிக்குள் நடக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து ஈரத்தைக் காட்டித் திட்டினால், ஈரமும் நீங்களும் ஒரே அறையில் இருந்தால் ஆபத்து என்பதுதான் அதற்குப் புரியும். அதனால் அடுத்த முறை சோபாவின் பின்னால் போகும். கையும் களவுமாகப் பிடித்துத் திட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. சிறுநீர் போவதை இவர் பார்த்தால் கோபப்படுவார் என்று கற்றுக்கொண்ட நாய், வெளியே உங்கள் பக்கத்தில் கயிற்றோடு நிற்கும்போதும் போகாது. இருபது நிமிடம் சும்மா நின்றுவிட்டு, வீட்டுக்குள் வந்து உங்கள் பார்வை விலகியதும் போகும். "வேண்டுமென்றே வீட்டுக்குள் வந்து போகிறது" என்று புலம்பும் வீடுகளில் பலவற்றில் இந்தக் கதைதான் நடந்திருக்கும்.

"அதற்குத் தப்பு செய்தது தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். காது தாழ்ந்து, கண்ணை விலக்கி, உடலைக் குறுக்கி நிற்கும் அந்த முகத்தை நாய்களின் அறிவை ஆராயும் அறிவியலாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார். நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதோடு அந்த முகத்துக்குத் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது கூடுதலாகத் தெரிந்தது. தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான். நாம் குற்றவுணர்வு என்று படிப்பது, நம் குரலுக்கு அது காட்டும் பயம்.

நாய் போகத் தொடங்கும் கணத்தில் பார்த்துவிட்டால் "வா வா வா" என்று இயல்பான குரலில் கூப்பிட்டு, கையைத் தட்டி, வெளியே ஓட்டிப் போகலாம். மிச்சத்தை வெளியே முடித்தால் பாராட்டும் தின்பண்டமும். இதை இடைமறிப்பது என்று சொல்லலாம், தண்டனை என்று சொல்ல முடியாது. நாய் பதறி ஒடுங்கினால் உங்கள் குரல் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சும்மா விட்டுவிடுவது

பெரும்பாலான சறுக்கல்களுக்கு இது உதவாது. வீட்டுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் நாய்க்கு ஒரு பயிற்சிதான். அடைத்த பை காலியாவதே அதற்குப் போதுமான பரிசு.

ஆனால் வரவேற்கும்போது சொட்டும் குட்டிகளுக்கு மட்டும் கிட்டத்தட்ட இதுதான் சிகிச்சை. அது அவற்றின் கட்டுப்பாட்டில் இல்லை. திட்டினால் பயம் கூடி இன்னும் சொட்டும், கொஞ்சினால் பரபரப்பு கூடி இன்னும் சொட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக வெளிக்கதவுக்குப் போய், வெளியே விட்டு, அது போய் முடித்தபின் பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சுப் பக்கம் தடவுங்கள். மேலிருந்து குனிந்து தலையில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான குட்டிகள் ஒரு வயதை ஒட்டி இதிலிருந்து மீண்டுவிடும். விருந்தினரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் கடினமாக இருந்தது அந்தப் பகுதிதான்.

முதலில் மருத்துவரா, பயிற்சியா?

நான் தவறு செய்த இடம் இது. மைனாவுக்கு ஏழாவது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. விடலைப் பருவத்துச் சேட்டை என்று நானே முடிவு கட்டினேன். பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினேன். மணிக்கொரு முறை வெளியே, ஒவ்வொரு முறையும் தின்பண்டம், இரவில் எழுப்பி அழைத்துப்போவது. எதுவும் மாறவில்லை. பத்தாம் நாள், அவள் உட்கார்ந்து முக்குவதையும் நாலு சொட்டு மட்டும் விழுவதையும் கவனித்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம். சிறுநீர்ப்பாதைத் தொற்று. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் வீடு காய்ந்தது. அவள் கற்றதில் எதையும் மறந்திருக்கவில்லை.

பெண் நாய்களுக்குச் சிறுநீர்க்குழாய் குட்டையாக இருப்பதால் தொற்று எளிதில் மேலேறுகிறது. அடிக்கடி கொஞ்சமாகப் போவது, முக்குவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது, சிறுநீரில் சிவப்பு அல்லது கடுமையான வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். இவை இல்லாவிட்டாலும், சில வாரம் சுத்தமாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதல் படி சிறுநீர்ப் பரிசோதனைதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வலி இல்லாத, ஒரு நாளில் முடியும் சோதனை. காலையில் முதல் முறை போகும்போது சுத்தமான தட்டையான பாத்திரத்தைக் கீழே நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். எடுத்த சில மணி நேரத்துக்குள் கொடுங்கள், தாமதமானால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தண்ணீரையும் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தைக் கழித்தால் ஒரு நாள் கணக்கு கிடைத்துவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் போனால் அது வழக்கமான அளவைத் தாண்டிய தாகம். பத்துக் கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோய் எதுவாகவும் இருக்கலாம். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவே தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். அந்த நாயைப் பழக்கத் தொடங்குவது வீண், மாத்திரை நாட்கள் முடியும்வரை கூடுதலாக வெளியே அழைத்துப்போனால் போதும். மலம் வீட்டுக்குள் போகிறது என்றால் வயிற்றுப்போக்கு, குடற்புழு, சமீபத்தில் மாற்றிய தீனி ஆகியவற்றை முதலில் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குடிக்கும் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ஒரு குட்டி பிறந்ததிலிருந்தே ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தால், பழக்கமே வராமல் போனால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் தவறான இடத்தில் திறக்கும் பிறவிக்கோளாறாக இருக்கலாம். பெண் குட்டிகளில்தான் இது கூடுதலாகத் தெரியவருகிறது. மருத்துவர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடியது. நாய் முக்கி முக்கியும் ஒன்றுமே வராவிட்டால், குறிப்பாக ஆண் நாய்க்கு, அது அடைப்பு. அன்றே, அப்போதே போக வேண்டும்.

அப்படியானால் எல்லாச் சறுக்கலுக்கும் மருத்துவரா என்றால், இல்லை. மூன்று மாதக் குட்டி வாரத்தில் இரண்டு முறை தவறுவது சறுக்கலே இல்லை. அதன் தசைகள் இன்னும் வளரவில்லை. சிறுநீரை அடக்கும் திறன் 12லிருந்து 16 வாரத்துக்குள்தான் மெல்ல உருவாகிறது. விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மாதமோ அதனோடு ஒன்று கூட்டி அத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை அதிகபட்சமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் குட்டியை நான்கு மணி நேரம் விட்டுப் பார்ப்பது, தோற்கட்டும் என்று விடுவதுதான்.

முதலிலிருந்து தொடங்குவது

உடல்நலக் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு, மற்ற எல்லா வழிகளையும்விட நான் நம்புவது இதை. ஆனால் இதில் அரைகுறையும் உண்டு, முழுசும் உண்டு.

அரைகுறை என்றால், வெளியே அழைத்துப்போவதை இரண்டு முறை கூட்டிவிட்டு, வீடு முழுக்க நாயைச் சுதந்திரமாகத் திரியவிடுவது. கண் மறையும் நேரத்தில் மறுபடி நடக்கும். முழுசு என்றால், இரண்டு வாரத்துக்கு அந்த நாயை வீட்டுக்கு இன்று வந்த குட்டியாகவே நடத்துவது. விழித்ததும், தீனி தின்ற சில நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப் போகுமுன் வெளியே போக வேண்டும். இதற்கு நடுவிலும் சீரான இடைவெளியில் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கதவு, அதே இடம், அதே ஒரு சொல். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்குவதால் தீனி நேரம் நிலையாக இருந்தால் மலம் வரும் நேரமும் பெரும்பாலும் நிலையாகிவிடும். நாள் முழுக்கக் கிண்ணத்தில் தீனி கிடக்கும் வீட்டில் இந்தக் கணிப்பு கைகூடாது.

பரிசு கொடுக்கும் இடமும் முக்கியம். வீட்டுக்குள் திரும்பி வந்தபின் கொடுக்கும் தின்பண்டம், உள்ளே வந்ததற்கான கூலியாகத்தான் நாய்க்குப் படும். அது போய் முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே கொடுங்கள். போய் முடித்ததும் உடனே வீட்டுக்குள் இழுத்துவராதீர்கள். வெளியே சுற்றுவது நாய்க்குப் பெரிய மகிழ்ச்சி. சிறுநீர் போனவுடன் அது முடிந்துவிடுகிறது என்று கண்டுகொண்டால், முடிந்தவரை தள்ளிப்போடும். போனபிறகு ஐந்து நிமிடம் கூடுதலாக நடங்கள். போகாவிட்டால் உள்ளே கொண்டுவந்து, கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி வெளியே போங்கள். "வெளியே நிற்கிறது, உள்ளே வந்ததும் போகிறது" என்ற சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது.

இந்த வழிக்கு நிறைய நேரம் தேவை, மனிதரைக் களைக்கவைக்கும். கற்றதெல்லாம் போய்விட்டதே என்ற சோர்வும் சேர்ந்துகொள்ளும். உண்மையில் எதுவும் போகவில்லை. வீட்டுக்குள் போகும் பழைய பழக்கம் அழிவதில்லை, வெளியே போகும் புதியது அதன்மேல் படிகிறது. அணைந்துபோன பழைய எதிர்வினை சிறிது ஓய்வுக்குப் பின் தானாகத் தலைகாட்டும் என்பதை நாய்களை வைத்தே ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் கண்டறிந்தார். அப்படித் திரும்பி வருவது பெரும்பாலும் முன்பைவிட வலுக்குறைந்தே வருகிறது. முதல் முறை மூன்று மாதம் எடுத்த நாய்க்கு இரண்டாம் முறை இரண்டு மூன்று வாரம் போதுமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் முழுக்கச் சுத்தமாக இருந்தால் ஒரு அறையைக் கூடுதலாகத் திறந்துவிடுங்கள், ஒரே நாளில் வீடு முழுவதையும் அல்ல. நாய்க்கு "வீடு" என்ற பொதுக்கருத்து கிடையாது. சமையலறையில் போகக்கூடாது என்று கற்றது, படுக்கையறையிலும் போகக்கூடாது என்று தானாக விரிவதில்லை. புது வீட்டுக்கு மாறும்போதும் உறவினர் வீட்டுக்குப் போகும்போதும் சறுக்குவது இதனால்தான்.

கூண்டு, தடுப்பு, இடுப்பில் கட்டிய கயிறு

மேலே சொன்னதில் கண் மறையும் நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு மூன்று வழி உண்டு.

கூண்டு என்கிற க்ரேட், நாய்கள் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது என்ற இயல்பை நம்பியது. எழுந்து நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். இரவுக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே போகும்போதும் நல்லது. ஆனால் இரண்டு வகை நாய்க்கு இது ஆகாது. கதவை மூடினால் பதறி வாயால் கம்பியைக் கடிக்கும் நாய் ஒன்று. குட்டிப் பருவத்தில் கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்டு, தன் அசுத்தத்தின் மேலேயே படுக்க வேண்டியிருந்த நாய் இன்னொன்று. குட்டிகள் மூன்று வாரத்திலிருந்தே படுக்கையை விட்டு விலகிப்போய்க் கழிக்க முயலும். ஏழிலிருந்து ஒன்பது வாரத்தில் காலடியில் எந்தத் தரை இருந்ததோ அதன்மேல் விருப்பம் படிந்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நாய்க்கும் ஓரளவு பொருந்தும். விலகிப்போக இடமில்லாமல் வளர்ந்த குட்டியைக் கூண்டில் போட்டுத் திருத்த முடியாது. அதற்குப் படுக்கை, தண்ணீர், சற்றுத் தள்ளிக் கழிப்பிடம் என்று பிரித்த தடுப்பு இடமே சரி. மாதக்கணக்கில் நேரம் எடுக்கும், ஆனால் மாறும்.

நாய் சறுக்கியது என்பதற்காகக் கூண்டில் இருக்கும் நேரத்தை நீட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தாங்க முடியாமல் உள்ளேயே போய்விட்டால், இருந்த ஒரே இயல்பையும் நாமே உடைத்துவிடுகிறோம்.

இடுப்புக் கயிறு எனக்கு மிகவும் பிடித்த வழி. இரண்டு மீட்டர் கயிற்றின் ஒரு முனை நாயின் கழுத்துப்பட்டையில், மறுமுனை உங்கள் இடுப்பில். நீங்கள் போகும் இடமெல்லாம் அது வரும். மோந்து சுற்றத் தொடங்குவது, திடீரென்று விளையாட்டை நிறுத்துவது, கதவைப் பார்ப்பது எல்லாம் கண்ணில் படும். நாயின் மொழியை நமக்குக் கற்றுத்தருவதில் கூண்டு இதற்கு ஈடாகாது. வீட்டில் இருந்து வேலை செய்பவர்களால் முடியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் அடுப்படியிலும் முடியாது, அங்கே தடுப்புக் கதவுதான்.

பேட் விரிக்கலாமா?

வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பிடம் வைப்பது தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உயர மாடியில் வசிப்பவருக்கும், நடக்கச் சிரமப்படும் முதியவருக்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கும், சின்னஞ்சிறு இன நாய்க்கும் இது நிரந்தரமான, மரியாதையான தீர்வு. சிறிய உடலில் சிறிய பைதான் இருக்கும், அவை அதிக நேரம் அடக்குவதில்லை.

ஆனால் கடைசியில் வெளியே மட்டும் போக வேண்டும் என்பது உங்கள் குறிக்கோளானால், சறுக்கிய நேரத்தில் புதிதாகப் பேட் அறிமுகம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெத்தென்ற துணிமேல் போகலாம் என்று கற்ற நாய்க்குக் குளியலறை மிதியடியும் தரைவிரிப்பும் அதே வகைதான். பிறகு இன்னொரு முறை மாற்றிப் பழக்க வேண்டியிருக்கும். ஏற்கனவே பேட் பழகிய நாய் விளிம்பைத் தாண்டிப் போகிறது என்றால், அது அடம் இல்லை. முன்கால் பேட்டின் மேல் இருந்தால் தான் அதன் மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். பெரிய பேட் விரியுங்கள், ஈரமானதை உடனே மாற்றுங்கள்.

எந்த வழியானாலும் வாடை போக வேண்டும்

நமக்கு வாடை போய்விட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். நாய்க்கு அப்படி இல்லை. சாதாரண சோப்புத்தூள் நம் மூக்குக்கு மட்டும் போதுமானது. அம்மோனியா கலந்த தரைத்திரவம் சிறுநீரின் வாடையையே நினைவூட்டும். ப்ளீச்சைச் சிறுநீரின் மேல் நேரடியாக ஊற்றினால் மூச்சை உறுத்தும் வாயு வரும். நீராவிக் கருவியின் சூடு கம்பளத்தில் கறையையும் வாடையையும் இறுக்கிவிடும். என்சைம் கிளீனர்தான் வாடைக்குக் காரணமான பொருளையே சிதைக்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தெளித்து உடனே துடைத்தால் பயன் இல்லை. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சிறுநீர் ஊறிய ஆழம்வரை நனைய ஊற்றி, பொட்டலத்தில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். ஏற்கனவே வேறு சோப்பு போட்டிருந்தால் தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள். இரவில் விளக்கை அணைத்துப் புறஊதா டார்ச்சை அடித்தால் நீங்கள் அறியாத பழைய இடங்களும் ஒளிரும். எங்கள் வீட்டில் அலமாரியின் பின்னால் இரண்டு இடம் இருந்தது.

அடையாளம் வைக்கும் நாய்

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை ஹார்மோன்கள் ஏறும் காலம். ஆண் நாய் சுவரில் கால் தூக்குவதற்கு இரண்டு பதில் உண்டு: கருத்தடை அறுவை, அல்லது கண்காணிப்பும், சிறுநீரை உறிஞ்ச வயிற்றைச் சுற்றிக் கட்டும் வயிற்றுப்பட்டியும். அறுவைக்குப் பின் பல நாய்களிடம் அடையாளம் வைப்பது நன்றாகக் குறைகிறது, எல்லா நாயிடமும் குறைவதில்லை. வெகுநாள் பழகிவிட்டால் ஹார்மோன் போனபின்னும் பழக்கம் மிஞ்சலாம். அதனால் அறுவை செய்துகொண்டாலும் கண்காணிப்பைக் கைவிட முடியாது. அறுவைக்கான வயதை இனத்தையும் உடல் அளவையும் பார்த்து மருத்துவரோடு முடிவு செய்யுங்கள், சுவரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். வயிற்றுப்பட்டி சுவரைக் காப்பாற்றும், நாய்க்கு எதையும் கற்றுத்தராது. பெண் நாய்கள் இணைசேரும் பருவத்தில் இருக்கும்போது அடிக்கடி கொஞ்சமாகப் போவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

தனிமையில் மட்டும் போகும் நாயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் கிளம்பியபின் ஒரு பழைய கைப்பேசியைப் படம்பிடிக்கும்படி வைத்துவிட்டுப் போங்கள். முதல் அரை மணிக்குள் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, மூச்சிரைத்து, அதன்பின் போகிறது என்றால் அந்த நாய்க்குக் கழிப்பிடப் பயிற்சி தேவையில்லை. தனிமையை நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் மெல்லப் பழக்க வேண்டும். இங்கே பயிற்சியாளரின் உதவியை முதலிலேயே தேடுவது நல்லது. அவர் கழுத்தை இறுக்கும் பட்டையையோ மின்பட்டையையோ எடுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் உள்ள மனிதர்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் வீட்டில் எல்லோரும் அதே வழியில் போகாவிட்டால் பலன் இல்லை. ஒருவர் பரிசு கொடுத்து, இன்னொருவர் மிரட்டினால், நாய் மிரட்டுபவர் இல்லாத நேரத்தைக் கற்றுக்கொள்ளும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எத்தனை மணிக்கு அழைத்துப்போனார்கள், போனதா இல்லையா என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்தத் தாளோடு நின்றது. அதிகாலை மூன்று மணிக்குத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வருவதும், இந்த நாயே வேண்டாம் என்று தோன்றுவதும் நடக்கும். அன்று மட்டும் மற்றொருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். ஒற்றை ஆளாக வளர்ப்பவர் களைத்த நாளில் கூண்டையோ தடுப்பையோ பயன்படுத்திக்கொண்டு தூங்குவதில் தவறு எதுவும் இல்லை.

மைனாவுக்கு இப்போது 11 வயது. போன மழைக்காலத்திலிருந்து அவள் தூங்கி எழுந்தால் படுக்கையில் உள்ளங்கை அளவு ஈரம். கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீர்க்குழாயை மூடும் தசை தளர்வதால் வரும் கசிவு என்றார் மருத்துவர். மூட்டுவலியும், வயதான நாய்களுக்கு வரும் மறதி நோயும் இதே மாதிரி வெளிப்படலாம் என்பதால் அவற்றையும் சோதித்துப் பார்த்தார். இந்த முறை எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரம் எடுக்கவில்லை, ஈரத்தைக் கண்ட அன்றே சிறுநீரை எடுத்துக்கொண்டு போனோம். தினமும் ஒரு மாத்திரை, நீர் புகாத உறை போட்ட மெத்தை, இரவு 11 மணிக்கு ஒரு நடை. மாத்திரையில் பெரும்பாலும் நின்றுவிட்டது. என்றாவது நனைந்திருந்தால் அவள் எழுந்து தள்ளி நின்று என்னைப் பார்ப்பாள். நான் உறையை மாற்றிவிட்டு அவள் நெஞ்சைத் தடவுவேன், அவள் மறுபடி படுத்துக்கொள்வாள்.